காகிதத்தில் ஒரு வேகத்தடை

"ஏம்மா, இருக்கிற இடத்துல இன்னொண்ணு எப்படிப் போடுறது?"

இன்ஜினியர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். பள்ளிக்கூட வளைவில் வேகத்தடை ஒன்று இருப்பதாக அதில் பளிச்சென்று எழுதியிருந்தது.

"பேப்பர்லதான் சார் இருக்கு. ரோட்டுல இல்லையே!" என்றாள் மனுவோடு நின்ற சித்தாள். "எவனோ ராவோட ராவா பேத்துட்டுப் போயிட்டான். ரெண்டு வருஷமாச்சு. லாரிக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வர்றானுங்க. எம் பொண்ணோட சேர்த்து மூணு உசுரு போயிருச்சு."

இது பதினோராவது மனு. மனு கொடுத்துவிட்டுப் போகிற அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. மகளின் பள்ளிப்பை வீட்டில் இன்னும் ஆணியிலேயே தொங்கியது.

இன்றைக்குப் புருஷனையும் இழுத்து வந்திருந்தாள். பாரவண்டி இழுக்கிறவன். கதவோரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயும் ரெண்டு வார்த்தை சொல்லேன்யா. மண்ணு மாதிரி நிக்கிறியே."

அவளே இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

"தடை மட்டும் பத்தாது சார். புள்ளைங்க நடக்க ஓரமா மேடை வேணும். கடக்கிற இடத்துல ரோட்டைக் குறுக்கணும். அப்பதான் வண்டிக்காரன் பிரேக்குல கால் வைப்பான்."

"எனக்குத் தெரியாதாம்மா? பிளானே போட்டு வச்சிருக்கேன். ஆனா பழைய தடை என்னாச்சுன்னு கேட்டு மேல இருந்து திருப்பித் திருப்பி அனுப்புறாங்க. உடைச்சவன் மேல கேஸ் ஆனாத்தான் ஃபைல் நகரும்."

"அவனை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"கொண்டு வாங்க. நான்தான் உடைச்சேன்னு எழுதிக் கொடுத்தா, இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன். அவன் உள்ளே போவான். உங்களுக்கு ரோடு வரும்."

அவள் மண்ணை வாரித் தூற்றுவதுபோல் கையை வீசினாள்.

"நாசமாப் போறவன்! அவன் கை அழுகிப் போகணும் சார். அந்தக் கையால ஒரு வாய் சோறு அள்ளக்கூடாது."

புருஷன் கதவோரத்தை விட்டு நகர்ந்து மேசைக்கு வந்தான்.

"எனக்கு எழுத வராது சார். நீங்க எழுதுங்க, கைநாட்டு வைக்கிறேன்."

"என்னன்னு எழுத?"

"இரும்பு லோடு சார். அந்தத் தடை மேட்டுல வண்டி ஏறவே ஏறாது. பாதியை இறக்கி, தாண்டினதும் மறுபடி ஏத்தணும். தினமும் நாலு நடை. ஒருநாள் பொறுக்க முடியாம கடப்பாரையை எடுத்துட்டுப் போயிட்டேன்."

இன்ஜினியரின் பேனா நின்றது.

"யோவ்!" அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "ரோடு வரணும்னு செய்யாத பழியை ஏத்துக்கிறியா? வேணாம்யா. நீயும் போயிட்டா நான் யாரோட இருப்பேன்? சார், பொய் சொல்றாரு, எழுதாதீங்க!"

அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முன் விரித்தான்.

"வண்டி இழுத்துக் காய்ச்சுப்போன கையில புதுசா எப்படிய்யா கொப்புளம்னு சிரிச்சுக்கிட்டே மறுநாள் எண்ணெய் தடவிவிட்டியே... இந்தக் கைதான்."