வண்டியில் எத்தனை பேர்?

முன்னால் போன கார் காரணமே இல்லாமல் சட்டென்று நின்றது. இவள் பிரேக்கை மிதிப்பதற்குள் ‘டொம்’.

பக்கத்தில் இருந்த நாத்தனார், “அடி பட்டுச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். முன் காரைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தாள். ஸ்டியரிங்கில் கவிழ்ந்து அழுத இவளையும் விடவில்லை.

எல்லாம் தம்பியிடம் காட்டத்தான். ‘ஒரு கீறல் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும்’ என்று சொல்லித்தானே இவள் கணவன் காரைக் கொடுத்திருந்தான்!

முன் கார்க்காரன் கழுத்தைப் பிடித்தபடி வந்தான்.

“சாரிங்க, தப்பு என்...” என்று இவள் ஆரம்பித்தாள்.

“வாயை மூடு!” நாத்தனார் சீறினாள். “உன்னை யாராவது கேட்டாங்களா?”

நடுரோட்டில் இவள் மானம் போயிற்று.

போலீஸ்காரர் வந்தபோது கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். எலும்பு நகர்ந்துவிட்டதாம். இன்ஷூரன்ஸில் மூன்று பேருக்கும் நஷ்டஈடு வேண்டுமாம்.

“நீங்க ரெண்டு பேரும் எங்க உக்காந்திருந்தீங்க?” மற்ற இருவரிடமும் நாத்தனார் குழைந்து கேட்டாள்.

“பின்சீட்லதாம்மா.”

அவள் கைப்பேசியை நீட்டினாள். வீடியோவில் பின்சீட் காலி. அந்த இருவரும் எதிர்க்கடை வாசலிலிருந்து நிதானமாக ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“பலே! கார்ல ஏறாமலே கழுத்து சுளுக்கியிருக்கு,” என்றார் போலீஸ்காரர். “மூணு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க.”

திரும்பும்போதும் இவளையே ஓட்டச் சொன்னாள் நாத்தனார்.

“அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா...”

“ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

வீட்டு வாசலில் கணவன் பம்பரைப் பார்த்தான். நடந்ததைக் கேட்டான். அப்படியும் கையை நீட்டினான்.

“சாவி.”

இவள் கொடுக்கப் போனாள். நாத்தனார் இவள் விரல்களைச் சாவியோடு சேர்த்து மூடினாள்.

“சும்மா இரு, அக்கா. நீயும் ஒரு தடவை இடிச்சுட்டுத்தானே ஓட்டறதையே விட்டே?”

“என்னாலதான் இடிச்சதுன்னு நானும் நம்பினேன். இதே மாதிரிதான் ஒருத்தன் திடீர்னு நிறுத்தினான். கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு பேர் நின்னாங்க. தப்பு என்னோடதுன்னு அழுதுக்கிட்டே சொன்னேன். அன்னிக்கே சாவியை என் வீட்டுக்காரர் வாங்கி வெச்சுக்கிட்டார்.”

நாத்தனார் இவள் கையை இன்னும் விடவில்லை.

“வண்டியில எத்தனை பேர்னு எண்ணிப் பார்க்க, என் பக்கத்துல அன்னிக்கு யாருமே இல்லைடா.”