ஜெயக்கொடியின் பேக்கேஜ்

"கேப், கேன்டீன் சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் சம்பளத்தோட சேர்த்துக் காட்டி, 'உங்களுக்கு இவ்வளவு செலவு பண்றோம்'னு லெட்டர் குடுக்கறாங்க ஷ்யாம்! கையில வர்றது ஒரு பைசா ஏறலை. இதைவிட அயோக்கியத்தனம் உண்டா?"

சனிக்கிழமை காலை வைத்தீஸ்வரன் போனில் நண்பன் ஷ்யாமிடம் போட்ட சத்தம் செம்பாக்கம் ஏரிக்கே கேட்டிருக்கும். கேளம்பாக்கம் கம்பெனிக்கு வருஷக்கணக்கில் உழைத்தவர். வயிறு எரியத்தானே செய்யும்?

அவர் போனை வைத்ததும், வீட்டு வேலை செய்யும் ஜெயக்கொடி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"சார், பொண்ணு காலேஜ் பஸ்ஸுக்கு துட்டு ஏத்திட்டானுங்கோ. கட்டலேன்னா பஸ்ல ஏத்த மாட்டாங்களாம். மாசம் ஒரு ஐந்நூறு கூட்டிக் குடு சார். கொரோனாவுக்கு அப்பாலேர்ந்து அதே சம்பளம்தான் வாங்கினுகீறேன்."

வைத்தீஸ்வரனுக்குச் சட்டென்று ஞானம் பிறந்தது. கம்பெனியில் வாங்கிய அடியை இறக்கிவைக்க ஆள் கிடைத்துவிட்டதே!

"சம்பளத்தை மட்டும் பார்க்கக் கூடாது ஜெயக்கொடி. தினம் காபி குடிக்கற. ஹோட்டல்ல அது என்ன விலை தெரியுமா? அப்புறம் டிபன்."

"முந்தின நாள் மீந்த இட்லி சார் அது."

"இட்லி இட்லிதானே? தீபாவளிக்குப் புடவை. போன வருஷம் மிக்ஸி வேற குடுத்தோம்."

"அது ஓடவே இல்லியே சார்."

"ரிப்பேர் பண்ணா ஓடும். எல்லாத்தையும் கூட்டிப் பாரு. சம்பளத்துக்கு மேல மாசம் மூவாயிரம் உனக்கு செலவு பண்றோம். இதெல்லாம் நீ தெரிஞ்சுக்கணும்."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி ஸ்ரீவித்யாவுக்கே கூச்சமாக இருந்தது. கேட்பவர் கேனையர் என்றால் கேழ்வரகில் நெய் வடியுமாம். ஆனால் மனுஷருக்குத்தான் வெட்கம் என்பதே கிடையாதே!

ஜெயக்கொடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மூவாயிரமா சார்! எனக்குத் தெரியாமப் பூட்சே. அப்போ ஒண்ணு பண்ணு. காபி வாணாம், இட்லி வாணாம், புடவையும் வாணாம். அந்த மூவாயிரத்தை துட்டாவே குடுத்துடு. பஸ்ஸுக்கும் கட்டிடுவேன், பொண்ணுக்கு ஃபீஸுக்கும் ஆவும்."

வைத்தீஸ்வரன் பதறிப்போய் எழுந்தார். மனம் புண்பட்டதில் குரல்கூடத் தழுதழுத்தது.

"சீச்சீ! என்ன பேச்சு பேசற ஜெயக்கொடி? அதெல்லாம் நாங்க அன்பா குடுக்கறது. அன்புக்குப் போய் யாராவது விலை போடுவாங்களா?"