அம்மா சாகிற எபிசோட்

மாடிவீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஏணி கேட்டுக் கீழே வந்தபோது, தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு டிவி முன்னால் கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருந்தார். சீரியலில், கட்டிலில் கிடந்த அம்மா பிள்ளைகளிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, சின்னப் பிள்ளையாட்டம்! எல்லாம் நடிப்புதானே? அந்த அம்மாவை நேத்துகூடக் கடைத்தெருவுல பார்த்தேன். குத்துக்கல்லாட்டம் இருக்காங்க.”

“தெரியும் தம்பி. தங்கமான பொண்ணு. போன வாரம் துக்கம் கேக்க வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போச்சு.”

“துக்கமா? யாருக்கு?”

“அந்தப் பொண்ணுக்கு நம்ம பாஷையில ஒரு வார்த்தை வராது. இந்த சீரியல் தொடங்கினதுலேர்ந்து அதுக்குக் குரல் கொடுத்தது என் வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில சேரப்போற அன்னிக்குக் காலையில, இந்தக் காட்சியைப் பேசி முடிச்சுட்டுத்தான் போனா. திரும்பி வரலை.”

மாடிவீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் அந்த அம்மா, கடைசியாகத் தன் கணவனைப் பார்த்தாள்.

“போயிட்டு வரேங்க.”

“சரிம்மா, பார்த்துப் போ” என்றார் தையல்காரர்.