பவளம் அவிழ்த்த கயிறு

"ஒரு குதிரையக் கட்ட வக்கில்லையாடா உனக்கு?"

சாரம் பகுதிக் கல்யாண மண்டபத்து வாசலில் குதிரைக்காரர் அமலநாதன் போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

குதிரையை ஏற்றி வந்த குட்டியானை வண்டியின் டிரைவர் சிலம்பரசன் அசரவில்லை. "அண்ணே, பிள்ளைச்சாவடியில கட்டுனது நீங்கதானே? கயித்த நான் தொடவே இல்ல."

அமலநாதன் குனிந்து பார்த்தார். வண்டியின் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியது அவரேதான். இப்போது கயிறு கீழே கிடந்தது. அறுந்துபோகவில்லை. யாரோ நிதானமாக அவிழ்த்துப் போட்டது மாதிரி இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த குதிரை மின்னல், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நின்றது.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இதே கூத்துதான்.

மின்னலுக்கு முன்னால் பவளம் என்ற பெண் குதிரை இருந்தாள். எந்த முடிச்சையும் பல்லாலேயே அவிழ்த்துவிடும் கெட்டிக்காரி. போன வருஷம் அமலநாதன் பைக்கில் முன்னால் போய்விட, அவர் மனைவி ஆரோக்கியம் வேறொரு வண்டியில் பவளத்தைக் கூட்டி வந்தாள். வழியிலேயே குதிரை செத்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். அமலநாதன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார், பித்துப் பிடித்த மாதிரி.

"பவளந்தான் வருது," என்றார், மண்டபத்திலிருந்து வீடு திரும்பியதும். "லாஸ்பேட்டை தாண்டும்போது பின்னால ரெண்டு குதிரை காலு மாத்துற சத்தம் கேட்டுச்சு."

ஆரோக்கியத்தின் முகம் வெளுத்தது. "வந்தா வந்துட்டுப் போவட்டும். அவுத்துத்தானே விடுது?"

"இனிமே சங்கிலிதான். பூட்டும் போடப்போறேன். பேயி பூட்டையும் கடிக்குதான்னு பாக்குறேன்."

"சங்கிலி வேணாங்க!"

பேய் பயம் அவளையும் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்.

அடுத்த சவாரியன்று சாயங்காலமே மழை இருட்டு. கொட்டகையில் வைத்த சங்கிலியைக் காணோம். குதிரை ஏற்றி நின்ற வண்டிக்குள்ளிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார். மின்னலின் கழுத்தருகே வெள்ளையாக ஓர் உருவம் குனிந்து, அவர் கட்டியிருந்த கயிற்றை மெல்ல மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"மாதாவே!"

உருவம் திரும்பியது. வெள்ளை முக்காட்டுக்குள் ஆரோக்கியம். சர்ச்சுக்குக் கிளம்பிய கோலம். காலடியில் சங்கிலி. அவர் முடிச்சுக்குப் பதிலாகக் கம்பியில் அவள் போட்டிருந்தது, வெடுக்கென்று இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு.

"அடிப்பாவி! இத்தன நாளா என்னைக் கிலி புடிக்க வெச்சது நீதானா? கட்டு அவுந்து குதிரை ஓடிப்போனா என்னா செய்யுறது?"

"ஓடுனா புடிச்சுக்கலாங்க. மாட்டித் தொங்கிட்டா?"

"எது தொங்குச்சு?"

அவள் உதட்டைக் கடித்தாள். சொன்னதை இனி விழுங்க முடியாது.

"பவளம். வண்டி குலுங்கி வழுக்கி விழுந்துச்சு. நீங்க கட்டுன முடிச்சு அவுழவே இல்ல, கழுத்து இறுகிப்போச்சு. நீங்க வர்றதுக்குள்ள கயித்த அறுத்து எடுத்துட்டு, மாரடைப்புன்னு சொல்லுங்கன்னு டாக்டர் கால்ல விழுந்தேன்."

அமலநாதன் அப்படியே சங்கிலி மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"குதிரை போனது போயிருச்சு. உங்களையும் பறிகுடுக்க என்னால முடியாதுங்க."