வாரேனுங்க

"இந்த நாட்டுல டிகிரியோட நின்னிருக்கோணுமுங்கக்கா. பிசினஸ் அனலிடிக்ஸ் எனக்கு ஒத்து வரலைங்க. மத்தவங்க மாடலையே முடிச்சுப்போட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. நான் இன்னும் டேட்டாவைச் சுத்தம் பண்ணீட்டிருக்கறேனுங்க."

"இந்த செமஸ்டர் பாஸாயிட்டியல்ல கண்ணு?" கீழ்வீட்டுக் கனகம் அவன் தட்டில் தோசையைப் போட்டாள்.

"தட்டுத்தடுமாறித்தானுங்க. படிப்பை விட்டுப்போட்டு நாளைக்கு ஊருக்கே கிளம்பிடறேனுங்க."

ஜன்னலுக்கு வெளியே மழை தூறியது. அந்தத் தூறலுக்குள் அவனுடைய ஊர் ஏரியும், மாமரமும், அம்மாவின் குடையும் மெல்ல மிதந்து வந்தன.

சாப்பிட்டு எழுந்தான். "வாரேனுங்கக்கா."

"வாரேன்னு சொல்லிப்போட்டியல்ல கண்ணு, அப்பத் திரும்பி வரோணும்."

அந்தச் சொல் மாடிப்படி முழுக்க அவன் கூடவே ஏறி வந்தது. அறையில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. செல்போன் ஒலித்தது. உகாண்டாவிலிருந்து அம்மா.

"விமானம் எத்தனை மணிக்கு, முகிசா?" என்று தங்கள் மொழியில் கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே கோவையின் உக்கடம் குளத்தின் மேல் மழை விட்டு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது.

"இப்ப வரலைங்கம்மா. படிப்பை முடிச்சுட்டு வர்றேனுங்க" என்று அவனும் அதே மொழியில் சொன்னான்.



"சரி. அதென்னப்பா, நம்ம பாஷையில ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால 'ங்க', 'ங்க'ன்னு ஒட்டறே?"