ஏணி இருந்த இடம்

அவள் கதவை வெளியிலிருந்து தாழிட்டாள்.

விளக்கையும் அணைத்தாள்.

உள்ளே மூன்று பேர். கடற்படைக்காக அணுசக்தியில் ஓடப்போகிற புதிய விமானந்தாங்கிக் கப்பலின் திட்டக் குழு. ஒட்டுப்பலகையில் அசல் அளவிலேயே செய்து வைத்திருந்த அணு உலைக் கட்டுப்பாட்டு அறையின் மாதிரியைப் பார்வையிட வந்தவர்கள்.

அந்த அறையின் அவசர ஏணியைக் காலைக் கூட்டத்தில்தான் வரைபடத்தில் சிவப்பு மையால் அடித்து நீக்கினார்கள். அதை வரைந்தவள் அவள். தீப்பிடித்தால் ஆள் ஏறித் தப்பிக்கக் குறுகலாக ஒரு வழி. அது மேலே போகும்போது விருந்தினர் கூடத்தின் நடுவே துருத்திக்கொண்டு நிற்கிறதாம். பிரமுகர்கள் வந்தால் கூடம் லட்சணமாக இருக்க வேண்டாமா?

"அதான் கதவு இருக்கேம்மா," என்றார் தலைவர். "கப்பலே இன்னும் காகிதத்துலதான் இருக்கு. அதுக்குள்ள யாரு மாட்டிக்கப் போறா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். சமோசா வந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் வேலை பார்த்த கப்பலும் ஒரு காலத்தில் காகிதத்தில்தான் இருந்தது. அதன் கொதிகலன் அறைக்கும் ஒரே கதவுதான். கதவுக்கு வெளியே தீ. உள்ளே புகை.

இப்போது உள்ளிருந்து சிரிப்பு கேட்டது. விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பிறகு தட்டினார்கள்.

தச்சு மேஸ்திரி செபஸ்தியான் ஓடி வந்தார். "மேடம், உள்ள தட்டுறாங்க!"

"கதவுகிட்ட தீ, மேஸ்திரி. வேற வழியா வரச் சொல்லுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஏணி ஏறி வரும் ஓட்டை அங்கேதான் இருந்தது. உத்தரவு வந்ததும் மதியம் அவர்தான் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்.

தாழ்ப்பாளை நோக்கி நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

அவள் வேலை போகும். போகட்டும்.

அண்ணன் வலி தெரியாமல் உடனே போய்விட்டான் என்றுதான் வீட்டுக்கு வந்த அதிகாரிகள் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா இன்றுவரை நம்புகிறாள். ஆனால் சவப்பெட்டியில் அவன் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியது அம்மா இல்லை, அவள்தான்.

விரல் முட்டிகள் எல்லாம் உரிந்திருந்தன.

அம்மா பார்ப்பதற்குள் மாலையை இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள்.

ஒட்டுப்பலகை அதிர்ந்தது. உள்ளே யாரோ இரண்டு கைகளாலும் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் தாழ்ப்பாளின்மேல் கையை வைத்தாள்.

அண்ணன் எவ்வளவு நேரம் தட்டியிருப்பான்?

கையை எடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.