லம்பர்ட் ஏறாத வண்டி

"உங்க செவர்லேலயா? செத்தாலும் அதுல ஏறமாட்டேன்னு சொன்னவராச்சே அவரு!"

வாசல்படியில் நின்றபடியே சொன்னாள் அர்லீன். சர்ச்சுக்குப் போகிற உடையில் இருந்தாள். எல்டன் அப்போதுதான் தன் செவர்லே பிக்கப் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு இறங்கியிருந்தார். வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். நெப்ராஸ்காவின் சரளைச் சாலையில் ஓடுகிற எந்த வண்டியும் இப்படிப் பளபளக்காது.

"முரண்டு பிடிக்கிற நாளாம்மா இது? மழை வர்றதுக்குள்ள சர்ச் மேட்டுக்குப் போய்ச் சேரணும். ஃபாதர் காத்துக்கிட்டிருப்பாரு" என்றார் எல்டன்.

"அவரோட ஃபோர்டுதான் கொட்டகையில நிக்குதே."

"நின்னா? அவனைக் கூட்டிக்கிட்டுப் போகப்போறது நான். அந்த வண்டி ஸ்டீயரிங்கை செத்தாலும் தொடமாட்டேன்னு நானும்தான் சொல்லியிருக்கேன். ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரிந்ததுதான். எல்டனுக்கும் அர்லீனின் கணவர் லம்பர்ட்டுக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம், நடுவில் ஒரே வேலி. விதைப்பு, அறுவடை, மாட்டுக்குப் பிரசவம் எல்லாம் சேர்ந்தே பார்த்தார்கள். வண்டி என்று வந்தால் மட்டும் ஆகாது; இவருக்குச் செவர்லேதான் உசத்தி, அவருக்கு ஃபோர்டுதான். தானியக் கிடங்கின் காபி மேசையில் தினமும் காலையில் இவர்கள் போடுகிற சண்டையைக் கேட்கவே நாலு பேர் வருவார்கள்.

"ஆத்து வளைவுல ரோடு எப்படி இருக்குன்னு தெரியுமில்ல? வரிவரியா மேடு. என் வண்டி மெத்தை மாதிரி போகும். அலுங்காம கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன்."

"தெரியும். உங்க வண்டி நீளம், சொகுசு. அவரே சொல்லியிருக்காரு."

எல்டன் திரும்பிப் பார்த்தார். "யாரு? லம்பர்ட்டா?"

"ஃபோர்டு வாங்கின அன்னிக்கு. 'இழுவைக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா சொகுசுன்னா எல்டனோடதுதான்'னாரு. 'அவன்கிட்ட போய்ச் சொன்னே, கொன்னுடுவேன்'னாரு."

எல்டன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"திருட்டுப் பய. இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னானா? நானும் சொல்றேன், கேட்டுக்கோ. போன கோடையில என் வைக்கோல் டிரெய்லரை மேட்டுல ஏத்துனது அவன் ஃபோர்டுதான். அப்பா, என்னா இழுவை! நான் இப்படிச் சொன்னேன்னு அவன்கிட்ட..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அவரு வண்டிப் பின்கதவுல ஏணி இருக்கே, அதையும் கிண்டல் பண்ணுவீங்க" என்றாள் அர்லீன் மெதுவாக.

"கிழவனுங்களுக்கு ஏணின்னு சொல்லுவேன். 'உனக்கும் வேணும்னா வா, கை பிடிச்சு ஏத்திவிடறேன்'பான். என் வண்டியில பம்பர்லயே படி இருக்குடான்னா, 'அது கோழி ஏறுற படி'ம்பான்."

வீட்டுக்குள் நாற்காலிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"ஆலங்கட்டி மழை ஞாபகம் இருக்கா?" அர்லீன்தான் ஆரம்பித்தாள். "வயல்ல அவரோட அறுவடை மெஷின் நின்னுபோச்சு. நீங்க உங்க வண்டியை எடுத்துக்கிட்டுப் போனீங்க."

"மறக்குமா? கோலிக்குண்டு கோலிக்குண்டா விழுது. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு 'ஏறித் தொலைடா'ன்னு கத்துறேன். தலையில வாளியைக் கவுத்துக்கிட்டு நடக்குறான்! நான் பக்கத்துலயே ஊர்ந்துக்கிட்டு வர்றேன், திட்டிக்கிட்டே. வீடு வரைக்கும்! டங்கு டங்குன்னு வாளி சத்தம். உள்ளேயிருந்து பாடுறான் வேற."

"வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'எல்டன் பக்கத்துலயே வந்தான், அதனால பயமில்ல'ன்னாரு."

எல்டன் தன் செவர்லேயின் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார். தூசி இல்லாத இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"ஒரு தடவைகூட அதுல உக்காந்ததில்ல அவன்" என்றார். "இன்னிக்கு மட்டும் நான் ஏத்திக்கிட்டுப் போனா, அது ஜெயிச்ச மாதிரி ஆகாது. அவன் வாயை மூடிட்டு இருக்கிற நேரம் பார்த்து ஏமாத்துன மாதிரி ஆயிடும்."

அர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்டன் தன் சாவியைக் கோட்டுப் பையில் போட்டார். கையை நீட்டினார்.

"ஃபோர்டு சாவியைக் கொடு."

"எல்டன்! நீங்களும் சொல்லியிருக்கீங்களே... ஊருக்கே தெரியும்னீங்க."

"அவன் வண்டியில பின்னாடி தொட்டி குட்டை. பின்கதவைத் திறந்துபோட்டாத்தான் நீளம் பத்தும். கயித்தை இறுக்கிக் கட்டிக்கலாம். வளைவுல நடக்குற வேகத்துலயே போறேன்."

சாவியை வாங்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் திரும்பியவர் நின்றார். முன்னறைக் கதவு அகலத் திறந்தது. லம்பர்ட்டின் மச்சான்களும் மருமகன்களுமாக ஆறு பேர், சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அடியாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்டன் தொப்பியைக் கழற்றினார்.

"செத்தும் அவன் சொன்ன சொல்லு மாறல, அர்லீன். நான் உயிரோட இருக்கிறவன்தானே, மாறிட்டுப் போறேன்."